அளவு பார்க்காத மராமத்தும் அளவு சொல்லாத விதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் நடந்த பழைய வாகன அணிவகுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால், ஐம்பது ஆண்டு கண்ட ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினைச் சீராக்குவது லட்சக்கணக்கில் செலவு வைக்கும் வேலை என்றும், அதை வீட்டில் வைத்துக் கழற்றுவது விஷப்பரீட்சை என்றும், தேய்ந்த பிளாக்கையும், அதாவது சிலிண்டரையும், அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவற்றைப் பூட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்றும் கட்டுரையின் நடுவில் எழுதப்பட்டிருந்தது. பல ஆயிரம் பேர் படிக்கும் இதழில் இந்த மூன்று கருத்துகளும் மறுப்பின்றி நிற்கக் கூடாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். பழைய வாகனங்களின் பதிவு விதியைப் பற்றி ஒரு கோரிக்கையும் இறுதியில் உண்டு. சற்று நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்; சுருக்கிச் சொன்னால் நானும் கட்டுரையாளரைப் போல முடிவை மட்டும் சொன்னவனாகிவிடுவேன்.

நான் இந்நகரின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து 2021-இல் ஓய்வு பெற்றவன். மெக்கானிக் அல்ல, மைக்ரோமீட்டர், டயல் கேஜ் போன்ற நுண்ணளவுக் கருவிகள் கையில் பழகியவன், அவ்வளவுதான். என் தந்தையார் 1972-இல் வாங்கிய 350 சிசி புல்லட் அல்சூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. அது வாங்கப்பட்டபோது இந்த மாநிலத்திற்குக் கர்நாடகம் என்ற பெயர் வரவில்லை. மைசூர் மாநிலமாக இருந்தது. அதனால் வண்டியின் எண் இன்றும் 'எம்.ஒய்.' என்றே தொடங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது இளைஞர்கள் அது எந்த ஊர் எண் என்று கேட்பதுண்டு.

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் இந்த எஞ்சினை உருவாக்கி வந்ததும், பிரிட்டனில் 1970-இல் உற்பத்தி நின்ற பிறகும் இங்கே அது தொடர்ந்ததும் தங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி என்ற இந்த அடிப்படை வடிவம் ஏறத்தாழ 2010 வரை பெரிய மாற்றமில்லாமல் வந்தது. ஆகவே உதிரிபாகத்திற்குப் பஞ்சமே இல்லை, ஜே.சி. சாலையில் ஒரு முற்பகல் நடந்தால் ஒரு முழு எஞ்சினையே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வரலாம். கட்டுரையாளரின் யோசனை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கிடைக்கிறது என்பதாலேயே மாற்றிவிடும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. 1998-இல் வண்டி புகைகிறது என்று ஒரு பட்டறையில் விட்டோம். பெயர் இப்போது வேண்டாம். ஒரு வாரத்தில் 'ஃபுல் எஞ்சின்' வேலை முடிந்தது என்று திருப்பித் தந்தார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டதற்கு, 'அதை எதற்கு சார்' என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, 70 மி.மீ. என்ற மூல அளவில் இருந்த சிலிண்டரை ஒரேயடியாக 1 மி.மீ. பெரிதாக்கிக் கடைந்திருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் போதுமா என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அந்த வாரம் கடையில் இருந்தது, கடைந்த சிலிண்டருக்குப் போடும் 1 மி.மீ. பெரிய 'ஓவர்சைஸ்' பிஸ்டன் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தோன்றவில்லை. சிலிண்டரின் சுவரில் இருக்கும் இரும்பு, வங்கியில் போட்ட வைப்புத் தொகையைப் போல எடுக்க எடுக்கக் குறையுமே தவிர வட்டி தராது. இரண்டு தலைமுறைக்கு வர வேண்டியதை அந்தப் பட்டறை ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டது.

தந்தையார் 2011-இல் காலமான பிறகு வண்டி பல ஆண்டுகள் நின்றுபோனது. நான் ஓய்வு பெற்று அதைக் கிளப்பியபோது பின்கட்டு முழுவதும் நீலப்புகை சூழ்ந்தது. பார்க்க வந்த மெக்கானிக், எஞ்சினில் கை வைக்காமலேயே, 'பிளாக் போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். இந்த எஞ்சினின் ஆயில் தொட்டி, கிராங்க் என்ற சுழல் தண்டை மூடியிருக்கும் கூடான கிராங்க்கேஸோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது என்பதையும், நீண்ட நாள் நிற்கும் வண்டியில் ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் தேங்கிவிடும் என்பதையும், அப்படித் தேங்கியது எரியும்வரை எந்த புல்லட்டும் புகையத்தான் செய்யும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அடியிலிருந்த பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு மறுபடி கிளப்பினேன். முக்கால்வாசிப் புகை நின்றுவிட்டது. மீதிப் புகைக்குக் காரணம் தேட, சரிவான தெருவொன்றில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடி இறங்கிப் பார்த்தேன். அடிவாரத்தில் மறுபடி திருகியதும் ஒரு குப்பென்ற புகை வந்து அடங்கியது. ஏற்றத்தில் இழுக்கும்போது அவ்வளவாக வரவில்லை. இழுக்கும்போது புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மூடித் திறக்கும்போது புகைந்தால், வால்வின் தண்டு ஓடும் குழலான வால்வு கைடைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிட ஓட்டத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்போது, கழற்றாமலேயே பிளாக்கைப் பலி கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

ஆனாலும் முழுவதையும் இறக்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அறுபதைத் தாண்டியவன் காலையிலிருந்து மாலைவரை கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தெருக்காரர்கள், எனக்கு மரை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டதாக என் மனைவி சொன்னார். மரை கழலாமல் எஞ்சினைப் பிரிக்க முடியாது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

மரையைப் பற்றியே ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்தக் காலத்து புல்லட்டின் நட்டு, போல்ட்டுகளில் பெரும்பாலானவை பழைய பிரிட்டிஷ் அளவுகளில் உள்ளவை. விட்வொர்த் வகை மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. விட்டம் ஏறக்குறைய ஒத்துப் போவதால், கைக்குக் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை அவசரத்தில் திருகி ஏற்றிவிடுகிறார்கள். முதல் இரண்டு சுற்று போகும். அதற்கு மேல் அலுமினிய கிராங்க்கேஸின் மரையைத் தின்றுகொண்டுதான் உள்ளே போகும். என் எஞ்சினில் இப்படி நான்கு இடங்கள் பாழாகியிருந்தன. ஸ்பேனரும் அப்படியே: விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது, நட்டின் முகத்தளத்தின் அகலத்தை அல்ல. இது தெரியாமல் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி நட்டுகளை உருண்டையாக்கி வைத்திருக்கும் எஞ்சின்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். டைமிங் பக்க மூடியைத் திறந்தால் கிராங்க் முனையில், ஆயில் பம்புகளை ஓட்டும் வார்ம் என்ற திருகுப்பல் இருக்கும். அதற்கு இடது மரை. வழக்கமான திசையில் பலம் கொண்ட மட்டும் திருகினால் அது இன்னும் இறுகும். அதற்குப் பிறகு சுத்தியல் வரும், சுத்தியலுக்குப் பிறகு ஜே.சி. சாலை.

இனி, அளவுக்கு வருகிறேன். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேயாது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில், அதாவது வெப்பம் மிகுந்து ஆயில் குறைந்திருக்கும் இடத்தில், தேய்மானம் மிகுதி. அடியில் ரிங் எட்டாத இடத்தில் அநேகமாக இல்லை. பிஸ்டன் சுவரில் சாய்ந்து அழுத்தும் முன்-பின் திசையில் ஒரு தேய்மானம், அதற்குக் குறுக்கே இன்னொரு தேய்மானம். ஆகவே மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில், ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். என் நோட்டில் உள்ளபடி அடியில் 71.03, நடுவில் 71.05, மேலே 71.09 மி.மீ. இருந்தது, இரண்டு திசைகளுக்கும் இடையே இருந்த கோணல் 0.02-க்கு மேல் இல்லை. பிஸ்டன் பாவாடையின் அளவு 70.95. மெக்கானிக் 'போய்விட்டது' என்ற பிளாக்கின் மொத்தத் தேய்மானம், தலைமுடி ஒன்றின் தடிமன் அளவுக்குத்தான் வந்தது. பழைய ரிங்கை மட்டும் சிலிண்டரின் அடியில் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள வாயை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது. புதிய ரிங் அதே இடத்தில் 0.30 காட்டியது. விட்டத்தில் 0.06 மி.மீ. கூடினால் சுற்றளவில் அதன் மூன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 0.19 மி.மீ. கூடும். ஆகவே அதே புதிய ரிங்கின் வாய் மேலே வரும்போது அரை மில்லிமீட்டருக்குள் நிற்கும். தினமும் அறுபது கிலோமீட்டர் வேகத்திற்குள் ஓடும் கிழட்டு எஞ்சினுக்கு இது தாராளமாகப் போதும். பளபளவென்று கண்ணாடியாகிப் போன சுவரைக் கையால் லேசாக ஹோனிங் செய்து, ஆயில் நிற்பதற்கான குறுக்குக் கோடுகளை ஏற்படுத்தி, பழைய பிஸ்டனையே புதிய ரிங்குகளோடு திரும்பப் போட்டேன். வாங்கச் சொன்ன புதிய பிளாக்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வேடிக்கைக்காக ஜே.சி. சாலையில் ஒரு கடையில் புதிய பிளாக் ஒன்றையும் அளக்க அனுமதி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அப்போதுதான் பெட்டி பிரித்த அந்தப் புதிய பிளாக், தேய்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட என் பழைய பிளாக்கைவிடக் கோணலாக இருந்தது. எல்லாப் புதிய பிளாக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. புதியது என்ற ஒரே தகுதியை நம்பி வாங்கிப் பூட்டுகிறவருக்கு அது தெரியவே போவதில்லை என்பதுதான் என் கவலை.

வால்வு கைடு சந்தேகித்தபடியே தேய்ந்திருந்தது. கைடு மாற்றியபின் வால்வு உட்காரும் சீட்டோடு அதன் மையம் விலகிவிடும் என்பதால், சீட்டைப் புதிதாக வெட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவிக் கையால் உருட்டி, சாம்பல் நிறத்தில் ஒரே அகலமான வளையம் விழும்வரை தேய்க்க வேண்டும். இது இரண்டு மாலைப் பொழுதின் வேலை. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, போர்ட் என்ற துளைவழி மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, அதில் பெட்ரோல் ஊற்றி வைத்தேன். கால் மணி நேரம் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக்-எண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது, அதுதான் வீட்டில் முடிக்க முடியாத ஒரே வேலை என்பதால். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் அது இயல்பு. என்னுடையதில் மேல்-கீழ் ஆட்டம் இருந்தது. இந்த எஞ்சினில் அந்த இடத்தில் ரோலர் பேரிங் கிடையாது. ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் இடையே இரு பக்கமும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள ஒரு மிதக்கும் புஷ் சுழல்கிறது. அதை மாற்ற இரண்டு ஃப்ளைவீல்களையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அவை ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும்.

அதற்காக நான் போனது சிவாஜிநகர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் உள்ள கடைசல் பட்டறைக்கு. எழுபதைத் தாண்டிய அந்தப் பட்டறைக்காரர் கோலார் தங்கவயலில் சுரங்கப் பட்டறையில் தொழில் கற்றவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர். தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை அது. என் எஞ்சினைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'அளவு எழுதி வெச்சிருக்கீங்களா சார்?' என்பது. நோட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, கிராங்க் பின்னை அவரே மறுபடி அளந்து, என் எண்ணோடு ஒத்துப் போனதும் தலையை மட்டும் ஆட்டினார். ஃப்ளைவீலைப் பூட்டியபின் லேத்தின் இரு முனைகளுக்கிடையே நிறுத்தி டயல் கேஜை வைத்துச் சுற்றுவார், முள் எங்கே உயர்கிறதோ அங்கே செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்றுவார். முதலில் கால் மில்லிமீட்டர் ஆடிய முள், முக்கால் மணி நேரத்தில் 0.03-க்கு வந்து நின்றது. 'போதுமா அண்ணே?' என்றேன். 'போதும்தான், ஆனா நிக்காது' என்று சொல்லி இன்னொரு முறை நட்டை இறுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். கூலியாக அவர் கேட்ட தொகை, நல்ல ஓட்டலில் நால்வர் சாப்பிடும் செலவு. அவருடைய மகன் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். பட்டறையை எடுத்து நடத்த ஆளில்லை. பழைய வாகனங்களைப் பற்றி எழுதும் தங்கள் நிருபர் அடுத்த முறை அணிவகுப்புக்குப் போவதற்கு முன் இப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிராங்க்கேஸில் மெயின் பேரிங்குகளைப் போடும் இடத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை உதவியது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகமாக விரியும். பேரிங்கைக் குளிர்பெட்டியில் வைத்துச் சுருக்கி, கேஸைச் சூடாக்கினால், சுத்தியல் படாமல் பேரிங் தானாகவே இறங்கி உட்காரும். பழைய இரும்புத் தோசைக்கல் ஒன்றின் மேல் கேஸை வைத்து, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் பதம் வரும்வரை மிதமான தீயில் வைத்தோம். பதம் பார்த்தவர் என் மனைவி. பேரிங் உள்ளே விழுந்த 'டக்' என்ற ஓசையைக் கேட்டு அவரே வியந்தார். அந்தத் தோசைக்கல் அதற்குப் பிறகு பின்கட்டின் சொத்தாகிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மூடியைப் பூட்டுவதற்கு முன் ஒரு சின்னஞ்சிறு பொருள். டைமிங் மூடியிலிருந்து கிராங்க் முனைக்குள் ஆயில் புகும் இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கார்க் சீல் இருக்கிறது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் புதிதாக மாற்ற வேண்டும். விலை சில ரூபாய். அது நசுங்கிப் போயிருந்தால், பம்பு தள்ளும் ஆயில் பிக்-எண்டுக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும்; மிதக்கும் புஷ்ஷோ ஆயிலை நம்பியே வாழ்வது. 1998-இல் என் எஞ்சினைத் திறந்த பட்டறை அந்தக் கார்க்கை மாற்றவில்லை. கருகிச் சுருங்கியிருந்த பழையதை நான்தான் ஊசியால் குத்தி எடுத்தேன். பிக்-எண்ட் ஏன் ஆடியது என்பதற்கு அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றவை விரைவாக முடிந்தன. வால்வுகளைத் தூக்கும் புஷ்ராடுகளை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விரலால் உருட்டினால் உருளும், மேலும் கீழும் ஆடாது என்ற அளவில் வைத்தேன். தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளி 0.38 மி.மீ. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, பாயிண்டுக்கு இடையே ஒரு மெல்லிய தாளைச் செருகி, இழுத்தால் நழுவும் கணத்தைப் பிடிப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் வந்தபின் கலவை சற்று மெலிந்துவிடுவதால் கார்பரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, ரப்பர் குழாயையும் மாற்றினேன். 2024-இல் ஒரு ஞாயிறு காலை, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தள்ளிவிட்டு, இரண்டாவது உதையில் எஞ்சின் கிளம்பியது. முழு வேலைக்கும் பதினான்கு மாதம் ஆயிற்று. கருவிகள் நீங்கலாகச் செலவு 23,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கட்டுரையில் சொன்ன லட்சங்கள் குரோமியம் பூச்சுக்கும் பெயிண்டுக்கும் ஆகக்கூடும், எஞ்சினுக்கு ஆகவேண்டியதில்லை.

நான் இவ்வளவும் சொன்னது, இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்பதற்காக. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் அடங்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால், வாகனம் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உட்படப் பெரிய அளவிலான மராமத்து எதுவும் நடந்திருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஐம்பது ஆண்டு ஓடிய ஒரு எஞ்சின், பெரிய மராமத்து இல்லாமல் எப்படி இருந்திருக்க முடியும்? மாற்றம் எது, பராமரிப்பு எது என்பதற்கு விதியில் அளவு சொல்லப்படவில்லை.

இது சொல்விளையாட்டு அல்ல. 70 மி.மீ. போரில் 346 சிசி என்று பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. போர் 71 மி.மீ. ஆகும்போது கணக்குப்படி அது 356 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்க்கும் அதிகாரி ஒருவர் நாளை என் வண்டியை மாற்றப்பட்ட வண்டி என்று சொன்னால், அவர் கையில் ஒரு எண் இருக்கும். ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டனை அச்சிட்ட பாகப் பட்டியலில் சேர்த்து விற்றவர் வண்டியைச் செய்தவரேதான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது அவரே எதிர்பார்த்து இடம் விட்டு வைத்த பராமரிப்பு. அதே சமயம், 350 பாடியில் 500 எஞ்சினைச் செருகுவதும், பழைய எஞ்சினை எறிந்துவிட்டு நேற்று வார்த்த கிராங்க்கேஸில் முழுப் புதிய எஞ்சினைக் கட்டுவதும் வேறு. கட்டுரையாளர் புத்திசாலித்தனம் என்று சொன்ன வழி, அந்த இரண்டாவது வகைக்குத்தான் மனிதரைக் கொண்டுபோய் விடுகிறது. எஞ்சின் எண் கிராங்க்கேஸில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கேஸை மாற்றினால் எண் போய்விடும். எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகப் பொறிப்பது குற்றம். விரிசல் விட்ட கேஸை வெல்டிங் செய்து காப்பாற்றுவதற்கும், என் எஞ்சினில் பாழான நான்கு மரைகளுக்கும் உலோகம் நிரப்பிப் புதிய மரை வெட்டியதற்கும் இதுதான் காரணம்.

பதிவைப் புதுப்பிக்கச் சென்ற இடத்தில் இதை நேரிலேயே கண்டேன். ஆய்வுக்கு வந்தவர் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் வேலை நடந்ததா என்று கேட்டார். 'இல்லை என்று சொல்லிவிடுங்கள் சார்' என்று பக்கத்திலிருந்த ஏஜென்ட் காதில் ஓதினார். நான் நடந்தது என்று சொல்லி நோட்டைக் கொடுத்தேன். ஆய்வாளர் இரண்டு பக்கம் புரட்டினார். இதை எந்தப் படிவத்தில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் நல்லவர் என்பதால் என் வேலை முடிந்தது. உண்மையைச் சொன்னவன் அதிகாரியின் நல்ல குணத்தை நம்பியும், பொய் சொன்னவன் நிம்மதியாகவும் வெளியே வரும்படி ஒரு விதி இருக்கலாமா?

ஆகவே, தயாரிப்பாளர் வெளியிட்ட ஓவர்சைஸ் அளவுகளுக்குள், மூலக் கிராங்க்கேஸையும் எண்ணையும் வைத்துக்கொண்டு செய்யப்படும் எஞ்சின் வேலை பராமரிப்பே, மாற்றம் அல்ல என்று போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கையின் மூலம் தெளிவாக்க வேண்டும். செய்த வேலையின் அளவுகளை உரிமையாளரோ கடைசல் பட்டறையோ எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளை விண்ணப்பத்தோடு ஏற்றுக்கொள்ளவும் இடம் தர வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் இதழ் எடுத்துச் சென்றால், கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பின்கட்டுகளில் பழைய வண்டியோடு உட்கார்ந்திருக்கும் பலருக்கு உதவியாக இருக்கும்.

கட்டுரையின் மூன்றாவது படத்திற்குக் கீழே, புல்லட்டுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும் என்று அச்சாகியிருக்கிறது. அது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட பழைய ஜாவாவுக்கும் எஸ்டிக்கும் பொருந்தும். புல்லட் ஃபோர்-ஸ்ட்ரோக், அதன் ஆயில் எஞ்சினோடு சேர்ந்த தனித் தொட்டியில் இருக்கிறது. யாரேனும் படித்துவிட்டு ஊற்றிவிடும் முன் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டின் சிலிண்டர் அளவுப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். கட்டுரையாளர் சரிபார்க்க விரும்பினால் பிளாக்கும் மைக்ரோமீட்டரும் அல்சூரிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.